ஒவ்வொரு கீயாக

புளியங்குடி நம்பரைப் பார்த்ததும் தீர்த்தகிரி முதல் மணியிலேயே போனை எடுத்துவிட்டான், எடுத்த பிறகுதான் இரண்டு மணியாவது அடிக்க விட்டிருக்கலாம் என்று தோன்றியது, இப்படிப் பாய்ந்து எடுத்தால் என்ன நினைப்பாள், ஒன்றும் நினைக்க மாட்டாள், கம்ப்யூட்டர் செக்ஷன் ஆள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாள், அவ்வளவுதான். "தீர்த்தகிரி சாருங்களா? புளியங்குடி பிராஞ்சுல இருந்து ஆவுடைத்தங்கம் பேசுதேன்" என்றாள். எட்டு வருஷமாக இதே வாக்கியம். ஊரையும் முழுப் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பிப்பாள், ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அவளைத் தெரியாது என்பது போல, அல்லது தெரியும் என்று தானாக எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது போல. மனசுக்குள் அவன் ஆவுடை என்றுதான் கூப்பிடுவான். வாயைத் திறந்தால் மேடம். "சொல்லுங்க மேடம்" என்றான், காலையிலிருந்தே இந்தப் போனுக்காகத்தான் காத்திருக்கிறான், பக்கத்து மேஜை நளாயினி பையை வைத்துவிட்டு உட்காரும்போதே, "சார், உங்க புளியங்குடி ஆவுடைத்தங்கம் வேலையை விட்டுட்டாங்களாம், இன்னியோட கணக்கு முடிக்கிறாங்க" என்று சொன்னதிலிருந்து. உங்க புளியங்குடி. ஏன் உங்க என்றாள், எல்லாக் கிளைக்கும்தான் அவன் போன் எடுக்கிறான், ஓமலூர் போன் வந்தால் உங்க ஓமலூர் என்பாளா. ஏன் விடுகிறார்கள் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நளாயினி காரணத்தைச் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அது நடந்துவிடும். "நாளைக்குப் புதுசா ஒரு பிள்ளை வருது சார்" என்றாள் ஆவுடை. "நம்ம மாத்தி வச்ச கீ எல்லாத்தையும் பழையபடி ஆக்கிக் குடுத்திருங்க. இல்லேன்னா அது அட்டையைப் பாத்துத் தட்டிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கும்." நம்ம மாத்தி வச்ச. அந்த நம்மவில் அவன் மாட்டிக்கொண்டு நின்றான், மீதி வாக்கியம் அவனைத் தாண்டிப் போய்விட்டது.

அதைப் பழையபடி ஆக்குவது பெரிய வேலை ஒன்றும் இல்லை. பார்சல் சர்வீஸின் எல்லா ஊர் புக்கிங்கும் சேலத்துத் தலைமை அலுவலகத்தில் ஏசி அறைக்குள் இருக்கிற ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. ஒரு காலத்தில் கிளைகளில் அதற்கென்றே பச்சை எழுத்து விழும் பெட்டிகள் இருந்தன, அவை பழுதாகி ஒவ்வொன்றாகப் போனதும் சாதாரணக் கம்ப்யூட்டரை வாங்கி, அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கிற ஒரு மென்பொருளை அதில் ஏற்றினார்கள். திரை அச்சு அசலாக நடித்தது. கீபோர்டுதான் நடிக்கவில்லை, பழைய பெட்டிக்கு இருந்த கீகள் பாதி இதில் இல்லை, இருக்கிற கீகள் இடம் மாறிக் கிடந்தன. ஆகவே எந்தக் கீயைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்து, அதை அட்டையில் அச்சடித்துக் கிளைக்கு ஒன்றாக அனுப்பியும் இருந்தார்கள். புளியங்குடி மட்டும் அந்த அட்டையின்படி இல்லை. "மேல கீபோர்டுன்னு இருக்குதுங்களா, அதைத் தொறங்க மேடம், ஒரு படம் வரும்." "வந்துட்டு சார்." அவன் திரையிலும் அதே படத்தைத் திறந்துகொண்டான், சாம்பல் நிறக் கட்டங்களாக ஒரு கீபோர்டு, கட்டத்தைத் தொட்டால் அது என்ன செய்கிறது என்று ஓரத்தில் தெரியும். இப்போது இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தான், நடுவில் எத்தனை ஊர், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, ராஜபாளையம், எத்தனை டோல்கேட், ஆனால் படம் ஒன்று. படத்துக்குக் கீழே வலது மூலையில் சின்னதாக ஒரு பட்டன் இருந்தது, டீஃபால்ட் என்று. அதை ஒரு தடவை அமுக்கினால் போதும், மாற்றியதெல்லாம் ஒரே நொடியில் அழிந்து அட்டையின்படி ஆகிவிடும், போனை வைத்துவிடலாம். "எதுல இருந்து ஆரம்பிக்கணும் சார்?" என்றாள். அவன் பட்டனைப் பார்த்தான். "மொதல்ல என்டரை கிளிக் பண்ணுங்க மேடம்" என்றான்.

என்டர்தான் முதல். அவள் வேலையில் சேர்ந்த வாரம், வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கிற சத்தத்துக்கு நடுவே வந்த போன், "சார், எத்தனை தடவை என்டர் தட்டினாலும் பில்லு போக மாட்டேங்கி, கோடுதான் கீழ கீழ இறங்குது, டிரைவரு ஏசுதான்" என்று அழுகிற மாதிரி ஒரு குரல். பழைய பெட்டியில் அனுப்புகிற கீ வலது கை ஓரத்தில் இருந்தது, ஆகையால் இதில் வலது கன்ட்ரோல்தான் அனுப்பும், என்டர் அடுத்த வரிக்கு மட்டும் போகும், அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அதைத் தட்டுங்க என்று சொல்லிவிட்டு அவன் வைத்திருக்கலாம். மற்ற கிளைகளுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னான். அன்றைக்கு என்னவோ, "உங்க கை எங்க போகுதோ அங்கயே வச்சிரலாங்க" என்றான். அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "மாத்தலாமா சார்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" யார் சொல்லப்போகிறார்கள். படத்தைத் திறக்கச் சொல்லி, என்டரைத் தொடச் சொல்லி, அனுப்பு என்று மாற்றச் சொன்னான், லாரி ஆரன் அடித்தது, அவள் தட்டினாள், பில் சேலத்துக்கு வந்து அவன் கண் முன்னால் ஒரு வரியாக விழுந்தது, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். வீட்டில் அப்போது யாரும் இல்லை. அவன் மனைவி கலைவாணி கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் அவள் அம்மா வீட்டுக்கே போய்விட்டிருந்தாள், சண்டை எதுவும் கிடையாது, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிற வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது, நீங்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள், பேசினீர்களா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள், அதில் பொய் ஒன்றும் இல்லை. தர்மபுரியில் வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி, இருக்கட்டும். "என்டரைப் பழையபடி அடுத்த வரின்னு மாத்துங்க. வலது கன்ட்ரோலை அனுப்புன்னு வைங்க." "மாத்திட்டேன் சார்." மாற்றிவிட்டாள். ஒன்று போயிற்று.

"அடுத்தது எஃப் பன்னெண்டுங்க" என்றான், நிதானமாக, ஏதோ வரிசைப்படி செய்தாக வேண்டிய காரியம் போல. அந்தக் கீ, எழுத்தை அழிக்கிற பேக்ஸ்பேஸ் கீக்கு நேர் மேலே இருக்கிறது, ஒரு எழுத்தை அழிக்கப் போன விரல் கொஞ்சம் எட்டிப் பட்டால் முழுப் பக்கத்தையும் துடைத்துவிடும். ஒரு மழைநாளில் அவளுக்கு அப்படி ஒரு லாரியின் பதிவு மொத்தமும் போய்விட்டது, எழுபது மூட்டை, அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள், ஏற்றி முடித்துவிட்டுத்தான் அவனுக்குப் போன் செய்தாள், குறை சொல்லக்கூட இல்லை, "அந்தக் கீயைச் செத்துப்போன மாதிரி வச்சிரலாமா சார்" என்று மட்டும் கேட்டாள். வைத்தார்கள். அதற்கப்புறம் எஃப் ஒன்பது. புளியங்குடியில் பாதி லோடு எலுமிச்சைதான், கேரளாவுக்குப் போகிறது, எலுமிச்சை, சாக்கு மூட்டை, அழுகும் சரக்கு, அவசரம் என்று ஆங்கிலத்தில் அத்தனையையும் ஒவ்வொரு பில்லுக்கும் அடிக்க வேண்டும், அதை ஒரே கீயில் விழுகிற மாதிரி செய்யலாம் என்று அவனாகத்தான் சொன்னான், அவள் கேட்கவில்லை, அவன் இரண்டு நாளாக யோசித்துவிட்டு ஒரு காரணமும் இல்லாமல் போன் செய்து சொன்னான். ஒரே தட்டில் முழு வரியும் விழுந்ததும் அவள், "ஆத்தாடி" என்றாள். அப்புறம், "சார், இங்க ரூம் பூரா எலுமிச்சை வாசம்தான், ஒரு நாளைக்கு மூக்குக்கே தெரியாமப் போயிரும், வெளியூருக்குப் போயிட்டு வந்தாத்தான் திரும்பத் தெரியும்" என்றாள். அதிலிருந்து எலுமிச்சையைப் பார்த்தால், மெஸ்ஸில் இலை ஓரத்தில் வைக்கிற ஊறுகாய்த் துண்டைப் பார்த்தால்கூட, அவனுக்கு அந்த அறை வரும், பார்த்தே இராத அறை, மூட்டைக்கு நடுவே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு குரல். குரலுக்கு முகம் கிடையாது. அவன் எத்தனையோ முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறான், எதுவும் ஒட்டவில்லை. "எஃப் ஒன்பதுல இருக்கறதை அழிச்சிருங்க மேடம்." "அழிச்சிட்டேன் சார்" என்றாள்.

ஒரு தடவை பார்த்திருக்கலாம். சீசனுக்குக் குற்றாலம் போகலாம் என்று அலுவலகத்தில் வேன் பிடித்தார்கள், அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வழியில் எந்த ஊரெல்லாம் வரும் என்று பார்த்துவிட்டு, வருகிறேன் என்றான். ராஜபாளையம் தாண்டியதிலிருந்து அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. புளியங்குடியில் டிரைவர் டீக்கு நிறுத்தினான், நிறுத்திய இடத்துக்கு எதிரிலேயே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவர்கள் கம்பெனி போர்டு. இவ்வளவு சின்னக் கடையா, ஒரு ஷட்டர், ஒரு எடை மேடை, வாசலில் மூட்டைகள். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒரு லோடுமேனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நீலப் புடவை, பின்னல் இடுப்பு வரை. அவளாக இருக்கலாம். சரக்குப் போட வந்த யாரோவாகவும் இருக்கலாம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான், ரோட்டைத் தாண்டினால் போதும், நான்தான் தீர்த்தகிரி என்றால் போதும், ஆனால் சொன்ன பிறகு என்ன செய்வது, அவள் திரும்புவாள், திரும்பிப் பார்த்ததும் அவளுக்கும் ஒரு முகம் தெரிந்துவிடும், இந்த முகம், நரைத்த கிருதாவும் வியர்த்த சட்டையுமாக, அதற்கப்புறம் அடுத்த போனில் புளியங்குடி பிராஞ்சுல இருந்து ஆவுடைத்தங்கம் பேசுதேன் என்பது இதே மாதிரி இருக்குமா. ஒரு பஸ் நடுவில் வந்து நின்றது. பஸ் போனபோது எடை மேடைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அருவியில் எல்லோரும் குளித்தார்கள், அவனும் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றான், தண்ணீர் மண்டையில் அறைந்தது, முட்டாள் முட்டாள் என்று.

"சார், இருக்கீங்களா?" என்றாள். "இருக்கிறேங்க. நம்பர் பக்கத்துல பிளஸ் இருக்குதில்லைங்களா, அதைத் தொடுங்க." "என்ன சார்? திரும்பச் சொல்லுங்க." பிளஸ், அதையும் பழையபடி ஆக்குங்க என்று திரும்பச் சொன்னான். இது ஒரு வருஷமாக வந்திருக்கிற வழக்கம், இந்தத் திரும்பச் சொல்லுங்க, எதைச் சொன்னாலும் ஒரு தடவை கேட்பாள், சில நாள் இரண்டு தடவை, அவன் சொல்கிறபோது அந்தப் பக்கம் ஆள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். யார் அவன் பேச்சைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கும் போனை வைக்க மனசில்லை என்று அவன் கண்டுபிடித்தது அதிலிருந்துதான், அந்தக் கண்டுபிடிப்பை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான், ராத்திரி படுக்கும்போது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவான். அதே சமயத்தில்தான் சத்தத்தை மாற்றியதும். தப்பான கீயைத் தட்டினால் கம்ப்யூட்டர் டிங் என்று ஒலிக்கும், அது வருவதே இல்லை என்றாள், ஸ்பீக்கர் போயிருக்கும் என்று புதியது வாங்கி லாரியில் போட்டு அனுப்பினான், "இதுலயும் சத்தம் கம்மிதான் சார்" என்றாள், சரி என்று ஒலிக்குப் பதிலாகத் திரை ஒரு தடவை வெட்டி மின்னுகிற மாதிரி வைத்துக்கொடுத்தான். "அடுத்து அந்த மின்னலை எடுத்துட்டு சத்தம்னு வைங்க மேடம்" என்றான். "வச்சிட்டேன் சார். அந்தப் பிள்ளைக்குச் சத்தம் போதும்."

இனி என்ன இருக்கிறது. அவன் படத்தை மேலும் கீழும் பார்த்தான், பேஜ் டவுன் ஒன்று இருந்தது, இடது கன்ட்ரோல் ஒன்று, இரண்டும் முடிந்தால் முடிந்தது, நாளைக்கு அந்த நம்பரிலிருந்து வேறு ஒரு குரல் வரும். எதற்காக விடுகிறாள். கல்யாணமாகத்தான் இருக்கும். நாற்பதை ஒட்டிய வயசு என்று எப்போதோ சம்பளப் பட்டியலைப் பார்க்கும்போது தெரிந்தது, அந்த வயசில் திடீரென்று ஒருத்தர் வேலையை விட்டால் வேறென்ன, சங்கரன்கோவில் பக்கத்தில் யாராவது ஒரு நல்ல மனிதர், முதல் மனைவி தவறிப்போயிருப்பாள், சொந்தமாகக் கடை இருக்கும், சத்தமாகச் சிரிக்கிறவராக இருப்பார், அவரை அவன் இப்போதே பார்த்துவிட்டான், மோதிரம்கூடத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். நல்லது மேடம், ரொம்ப சந்தோஷம் மேடம் என்று சொல்ல வேண்டும், அதை எந்தக் குரலில் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள், "சார், ஒண்ணு கேக்கட்டுமா, கீழ ஓரத்துல டீஃபால்ட்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கினா எல்லாம் மொத்தமாப் பழையபடி ஆயிரும்லா?" என்றாள். அவனுக்குக் காது சூடாகிவிட்டது. "ஆமாங்க" என்றான். "மொதல்லயே பாத்தேன்" என்றாள் அவள், அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை, "நீங்க ஒண்ணொண்ணாச் சொன்னீங்க. நானும் ஒண்ணொண்ணாவே போகட்டும்னு இருந்தேன். இப்ப அமுக்கிரட்டுமா சார்? லாரி வந்துட்டு." அவன் உம் என்றான். அவள் அமுக்கினாள், அவளுடைய திரை அவனுக்குத் தெரியாது, ஆனாலும் தெரிந்தது, சாம்பல் கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகி எந்த ஊர்க் கீபோர்டாகவும் இருக்கக்கூடியதாக ஆகிவிட்டது.

வேலை முடிந்துவிட்டது. இப்போது இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. "எதுக்குங்க வேலையை விடறீங்க?" என்று கேட்டுவிட்டான். "என்ன சார்?" திரும்பக் கேட்டான். லாரி ஏதோ ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு கேட்டது, பிறகு நின்றது. "காது சார்" என்றாள். "வலது காது போன வருஷமே போயிட்டு. இப்ப இடதும் பாதிதான். தென்காசில டாக்டர்கிட்டக் காட்டினேன், நரம்பு, திரும்ப வராதுன்னுட்டாரு. ஆள் முன்னால நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிடுதேன், மிஷின் வச்சா இன்னும் கொஞ்சம் கேக்குமாம். போன்லதான் முடியல்ல. டிரைவரு கோட்டயம்ங்கான், எனக்குக் கொட்டாரம்னு கேக்கு. போன வாரம் ஒரு லோடு அப்படியே கன்னியாகுமரி பக்கம் போயிட்டு. நமக்கே மனசு கேக்கல்ல சார், யாரு பொழப்பையோ கெடுத்துக்கிட்டு. கடையநல்லூர்ல அக்கா தையக் கடை வச்சிருக்கா, அங்க போயிருவேன்." அவன் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க என்று ஒரு வருஷமாக அவள் கேட்டது ஒவ்வொன்றாக அவனிடம் வந்து நின்றது, ஸ்பீக்கரில் சத்தம் கம்மி என்றது, மின்னல், அந்தப் பிள்ளைக்குச் சத்தம் போதும் என்றது, அவன் ராத்திரிகளில் எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்ட அத்தனையும். அவள் சிரமப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தனியாக, ஒரு காதை இறுக்கி வைத்துக்கொண்டு, அவன் வாய்க்குள் பேசுகிறதைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், அவன் அதில் சந்தோஷப்பட்டுக்கொண்டு மேலும் மெதுவாகப் பேசியிருக்கிறான். வெட்கம் ஏறியது. அதற்குப் பின்னாலேயே வேறொன்று ஏறியது, கடையநல்லூரில் எந்தத் தையல் கடை, அங்கே போன் இருந்தும் என்ன, இனிமேல் அவளிடம் பேச வேண்டுமென்றால் முன்னால் போய் நிற்க வேண்டும், வேறு வழியே கிடையாது.

"அப்ப வச்சிரட்டுமா சார்" என்றாள். "நான் அங்க வரட்டுங்களா" என்றான் தீர்த்தகிரி. அது வெளியே வந்ததா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "என்ன சார்? கேக்கல்ல." "நான் வரேங்க. உங்களைப் பாக்க." "கேக்கல்ல சார். இங்க லாரி நிக்கி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க." ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், பில்லிங் ஆட்கள் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள், நளாயினி முறுக்கை உடைத்து வாயில் போடப் போனாள், மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தான், நாளைக்கு அந்த நம்பரை யார் எடுப்பார்கள் என்பது ஞாபகம் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றான், எதற்கு எழுந்தான் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டு அவ்வளவு சத்தம் வராது போலிருந்தது. "நான் கடையநல்லூருக்கு வரேன்!" என்று கத்தினான். "உங்களைப் பாக்கணும்! ஆவுடை! உங்களைப் பாக்க வரேன்!" கீபோர்டுச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. நளாயினியின் கையில் முறுக்கு அப்படியே இருந்தது. மேனேஜர் அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது, யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள், அவன் சட்டைக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. போனில் ஒன்றும் வரவில்லை. கேட்கவில்லையோ, கேட்டும் வைத்துவிட்டாளோ, மறுபடி கத்த வேண்டுமோ என்று அவன் மூச்சை இழுத்தபோது, "இவ்வளவு சத்தம் வேண்டாம் சார்" என்றாள், "கேட்டுட்டு." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது, சளி பிடித்த மாதிரி. "ஞாயித்துக்கிழமை வாங்க. மத்த நாள்ல அக்கா கடையில கூட்டம் இருக்கும், ஒரு வார்த்தை பேச முடியாது. கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இறங்குங்க, நான் வந்து நிப்பேன்." அப்புறம், "உங்களை எப்படி சார் எனக்கு அடையாளம் தெரியும்?" என்றாள்.

உட்காரலாமா என்று பார்த்தான், உட்காரவில்லை. ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொன்னான். "உயரமாத்தாங்க இருப்பேன்! கண்ணாடி போட்டிருப்பேன்! மீசை இல்லைங்க! காதுகிட்ட நரைச்சிருக்கும்!" வேறென்ன இருக்கிறது தன்னிடம் என்று தேடினான். "கொஞ்சம் கூன் போட்டு நிப்பேன்! நாப்பத்தஞ்சு வயசு!" "சரி சார்" என்றாள் அவள் ஒவ்வொன்றுக்கும், குறித்துக்கொள்வது போல, "சரி சார், சரி." லாரிக்காரன் அங்கே ஆரன் அடித்தான், ஒரு தடவை, இன்னொரு தடவை, நீளமாக. இரு வாரேன் என்று அவள் போனை விட்டு வாயைத் திருப்பிச் சொல்வது கேட்டது, அதட்டலாக, அவனிடம் ஒருநாளும் பேசாத குரலில். திரும்பி வந்தாள். "நான் எப்படி இருப்பேன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றாள். "சொல்லுங்க" என்றான். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் ஒரு தடவை சிரித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.